அம்மனுக்குக் கொடுக்காத முடி

மாஸ்டர் ஒரு பொய்யர். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் கடைசிவரை படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பழைய குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் ஆவடியில் ஒருநாள் கூடுவது என்று குரூப்பில் முடிவானபோது நானும் சந்தோஷப்பட்டேன். விழா மலர் போடுகிறோம், சின்ன வயது நினைவு ஏதாவது எழுதித் தா, சிரிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று கேட்டீர்கள். தொழிற்சாலைச் சங்கு, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது, டாங்கியைச் சோதனை ஓட்டம் விடும்போது நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இதையெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் அழைப்பிதழ் வந்துவிட்டது. நடுவில் மாஸ்டர் படம். கீழே, 'நம் பகுதியில் பெண்கள் பளுதூக்குதலுக்குத் தந்தை' என்று போட்டு, பொன்னாடை, கேடயம், பாராட்டு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தண்ணீர் லாரி பற்றி எழுத வரவில்லை.

இதை மலரில் போடுவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் இஷ்டம். யார் பெயரையும் எழுதவில்லை. அக்கா அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். பெயர் இல்லாமலே உங்களுக்கு ஆள் தெரியும்.

அக்காவை நீங்கள் எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்? சிலிண்டருக்காகத்தான். கேஸ்காரன் பிளாக்குக்குக் கீழேயே இறக்கிவிட்டு, மாடிக்கு ஏற்றித் தரமாட்டேன் என்று போய்விடுவான். அப்பா ஷிப்டில் இருப்பார். அக்கா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிவாள். சிலிண்டர் ஒரே வீச்சில் தோளுக்கு வந்துவிடும். இரண்டாவது மாடி வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறுவாள். முதலில் எங்கள் வீட்டுக்கு மட்டும் தூக்கினாள். பிறகு கீழ்வீடு, எதிர்வீடு, பக்கத்து பிளாக் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கஷ்டமே இல்லை. சிரித்துக்கொண்டே போவாள். முதுகில் அவள் பின்னல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். முழங்காலைத் தொடுகிற பின்னல். தேங்காய் எண்ணெய் வாசனையும் சிலிண்டரின் துரு வாசனையும் கலந்து படிக்கட்டில் நிற்கும். அந்த வாசனை எனக்கு இன்னும் தெரியும்.

அப்போது அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் ஐந்தாவது படித்தேன்.

கிளப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்ததே, அதுதான் மாஸ்டரின் ஜிம். மாஸ்டருக்கும் தொழிற்சாலையில்தான் வேலை. ஒரு காலத்தில் தூக்கிப் பதக்கம் வாங்கியவர். சாயங்காலம் ஆண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். இரும்புக் கம்பியைத் தொழிற்சாலை ஆட்களே கடைந்து கொடுத்தார்கள். கீழே போட்டால் தரை உடையாமல் இருக்க லாரி டயரை வெட்டிப் பரப்பி, மேலே பலகை அடித்திருந்தார்கள். கை வழுக்காமல் இருக்க, பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் எடுத்துவரும் சாக்பீஸைப் பொடித்துத் தடவிக்கொள்வார்கள். வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் வேர்வையும் ரப்பரும் சேர்ந்து மூக்கில் அடிக்கும்.

பெண்களுக்கும் பளுதூக்கும் போட்டி நடத்த ஆரம்பித்திருந்த நேரம் அது. மாநிலப் பளுதூக்கும் சங்கத்தில் எல்லா ஊரிலிருந்தும் பெண்களைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பெண்களைத் தயார் செய்கிறவருக்குத்தான் கோச் பதவி என்றும் பேச்சு இருந்தது. மாஸ்டருக்கு அவசரமாக ஒரு பெண் வேண்டும். படிக்கட்டில் சிலிண்டரோடு ஏறிய அக்காவைப் பார்த்தார்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஒத்துக்கொள்ளவே இல்லை. மாஸ்டர் மூன்று நான்கு தடவை வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, இது விளையாட்டு இல்லை, அரசாங்க வேலை என்றார். மாநில அளவில் ஜெயித்தால் தேசியப் போட்டி, அங்கே போய்விட்டு வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் தொழிற்சாலையிலேயே வேலை என்றார். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அக்காவுக்கு வேலை முக்கியமாகத் தெரியவில்லை. முதல்முதலாக அந்தக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டு வந்த நாளில், என்னைப் பிடித்து, "மேல போனதும் ஒண்ணுமே கேக்கல தெரியுமா" என்றாள். "சங்கு ஊதினாகூட எனக்குக் கேட்டிருக்காது." அவள் முகம் அப்படி இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் பார்த்தது ஒரே ஒரு தடவை.

பொங்கல் முடிந்து ஆரம்பித்தது. அப்பாவின் பழைய பனியனும் பைஜாமாவும்தான் உடை. அம்மா அதன்மேல் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட்டைத் தொழிற்சாலைத் தோல் வாரில் மாஸ்டரே தைத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவருக்கு வேலை தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் அக்கா தூக்கித் தூக்கிப் போட்டாள். பலகை அதிரும் சத்தம் எங்கள் பிளாக் வரைக்கும் கேட்கும். பொம்பளைப் பிள்ளை ஆம்பளைகளோடு என்ன கூத்து என்று சில வீடுகளில் பேசினார்கள். உங்கள் வீடுகளில்தான். எல்லா வீட்டுச் சிலிண்டரையும் தூக்கி வைத்தவளைப் பற்றித்தான்.

ஆடி மாதம் சேலத்தில் மாநிலப் போட்டி. பளுதூக்குதலில் உடம்பு எடைக்குத் தகுந்தபடி பிரிவு உண்டு. அக்கா எந்தப் பிரிவில் தூக்க வேண்டுமோ, அந்தப் பிரிவில் சங்கச் செயலாளரின் அண்ணன் மகள் இருந்தாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளும் சின்னப் பெண்தான். ஆனால் அவளை அக்கா தோற்கடித்துவிட்டால் மாஸ்டருக்குக் கோச் பதவி வருமா? அதனால் அக்காவை அடுத்த கீழ்ப் பிரிவில் போட்டார். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது, "கீழ பூந்தா கோல்டு உனக்குத்தான் பாப்பா, கொஞ்சம் ஒடம்ப எறக்கு, போதும்" என்று சொன்னதை நாங்கள் நல்லதுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

ஒரு மாதம் அக்கா சோறு தொடவில்லை. மோர், வெள்ளரிக்காய், ஒரு முட்டை. வாயைத் திறந்தால் பட்டினி வாடை வரும். உதடு வெடித்து ரத்தம் வரும். அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அழுவாள். அக்கா எழுந்து போய்விடுவாள்.

சேலத்துக்குப் போவதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை கையில் கிடைக்கிற வரைக்கும் ஊர் வாயில் விழ வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அரக்கோணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார்கள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். மாஸ்டரோடும் போட்டிக்குப் போகிற ஜிம் ஆண்பிள்ளைகளோடும் வயதுவந்த பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். பத்து வயதுப் பிள்ளை துணை. நம் பெரியவர்களுக்கு இது ஒரு ஏற்பாடு. கூட ஒரு குட்டியை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு யார் துணை என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஆனால் அதனால்தான் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். காலையில் எடை பார்க்கும் அறைக்குள் அக்காவை அழைத்துப்போனார்கள். பெண் அதிகாரி ஒருத்தர் இருந்தார். எடை கூடுதல். கொஞ்சம்தான். ஒரு மணி நேரம் தருகிறோம், குறைத்துக்கொண்டு வா என்றார்கள்.

அக்கா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். புளியை வாயில் அடக்கிக்கொண்டு எச்சிலை ஒரு டம்ளரில் துப்பினாள். அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். சாப்பிடாத உடம்பில் எச்சில்கூட ஊறவில்லை. திரும்பப் போய் ஏறினாள். இன்னும் கூடுதல். நேரம் முடியப்போகிறது. மாஸ்டர் வராந்தாவில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார்.

"எண்ணெ ஊறி ஊறி கல்லு மாரி கீது பாப்பா. இது போனா போதும்" என்றார்.

அக்கா பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மாவைக் கேட்காமல் முடியாது என்றாள். ஆவடியில் இருக்கிற அம்மாவை எப்படிக் கேட்பது? அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் போன் கிடையாது.

"இத்தினி மாசம் செத்தியே, முடிக்கா திரும்பிப் போவே? உங்க ஊட்ல நான் பேசிக்கிறேன். நான்தான் வெட்னேன்னு உங்க நைனாகிட்ட நானே சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். போதுமா?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

அந்தக் கத்தரிக்கோல் மொட்டை. ஒரேயடியாக வெட்டவில்லை. அறுத்தது. பின்னலோடு போகவில்லை, மேலே மேலே வெட்டினார். நேரம் ஆகிறது என்று பதறிக்கொண்டு காதை ஒட்டி வெட்டினார். முடி ஈரமாகத் தரையில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. அக்கா கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிப்போய் ஏறினாள். எடை சரியாக இருந்தது. அந்தப் பெண் அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்து அக்காவின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்துவிட்டார்.

ஜெயித்தாள். அதைப் பற்றி நிறைய எழுதலாம். எனக்கு வராது. தலையில் அங்கங்கே தோல் தெரிய, காக்கை கொத்தியதுபோல் முடியோடு நடந்து வந்தாள். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். குனிந்தாள். தூக்கினாள். தோளில் வாங்கி, ஒரு கணம் நின்று, தலைக்கு மேல் தள்ளி, கையை மடங்காமல் பூட்டி நிறுத்தினாள். தூக்கியது சரி என்று மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள். விளக்கு எரிந்த பிறகும் அவள் கீழே போடவில்லை. அந்த முகம்தான் நான் சொன்ன அந்த இரண்டாவது தடவை. அவளுக்கு அப்போது எந்தச் சத்தமும் கேட்டிருக்காது.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள்.

திரும்பும்போது ரயிலில் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டிருந்தாள். அரக்கோணத்தில் மாறி லோக்கல் ரயிலில் ஆவடி வந்து இறங்கினோம். நீங்கள் போங்கள், குளித்துவிட்டு வருகிறேன் என்று மாஸ்டர் ஸ்டேஷனிலேயே கழன்றுகொண்டார்.

துண்டை எடுத்ததும் அம்மா கத்தவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னட்டி நடந்துது, மறைக்காம சொல்லு" என்று கேட்டார். பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் நம்பினார். ஆனால் ஊர் நம்பாது என்றார். வெளியூர் போன பெண் முடி இல்லாமல் வந்தாள் என்றால் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

எதிர்வீட்டு அத்தை ஒருத்தருக்குத்தான் விஷயம் தெரியும். அவர் ஆவடியிலேயே பிறந்தவர், எதற்கும் அசராதவர். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "வாசல்ல வேப்பெலைய சொருவு. அரக்கோணத்துலயே அம்மை போட்டுகினு வந்துச்சுன்னு சொல்லு. ஆடி மாசம், ஒருத்தரும் நம்பாம இருக்கமாட்டாங்க. உள்ள ஒருத்தியும் வரமாட்டா. அந்த மாஸ்டரு வந்து நாலு பேர் முன்னாடி வாயத் தொறந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் எடுத்துடலாம்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் வராத வீட்டில் வந்ததாகச் சொல்வதா என்றாள். ஆனால் அத்தை பிள்ளைகளை விட்டு வேப்பிலை ஒடித்து வரச் சொல்லி, தானே வாசலில் கட்டினார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீட்டுப் பக்கம் விளையாடப் போகாதே என்று உங்கள் அம்மாக்கள் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பம்பரம் விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அக்கா பாயில் உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் இல்லாத உடம்பு. ஒரு மாதப் பட்டினிக்குப் பிறகு சோறு சாப்பிட்டாள். காதெல்லாம் வாசலில் இருந்தது. மாஸ்டர் வருவார், சொல்வார், வேப்பிலையை எடுத்துவிடலாம். தேசியப் போட்டிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். என்னைத் தன் முதுகில் உட்காரவைத்து உட்கார்ந்து எழுந்தாள், கால் விட்டுப்போகக் கூடாது என்று.

அடுத்தநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் வந்தார். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரும் நேரம். மாஸ்டர் வருவது தெரிந்து எதிர் வராந்தாவில் ஐந்தாறு பேர் நின்றுவிட்டார்கள். அவர் படியேறி வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் நின்றார். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது அல்லவா? அப்பா வெளியே போனார். நான் ஜன்னலில் நின்றேன். அக்கா கதவுக்குப் பின்னால், இலை மறைவில்.

அப்பா சத்தமாகவே கேட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் அப்படிக் கேட்டார். "எல்லாரும் நிக்காங்க. எம் மக முடியை வெட்டுனது நீருதான? சொல்லும்."

மாஸ்டர் எதிர் வராந்தாவைப் பார்த்தார். திரும்பி அந்த வேப்பிலையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. யோசிக்கத் தேவையான நேரம் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே சொல்றே? நான் எங்க வெட்னேன்? பாப்பா சேலத்துக்கே வர்லியே. அம்மை போட்டுகினு கீதுன்னு கேள்விப்பட்டுத்தானே பாக்க வந்தேன்."

அவ்வளவுதான். அப்பா வாயைத் திறந்தார். பிறகு அவரும் வாசலைப் பார்த்தார். சேலத்துக்குப் போனாள் என்றால் வாசலில் இருக்கிற வேப்பிலை பொய். வேப்பிலை உண்மை என்றால் அவள் சேலத்துக்குப் போகவில்லை. நாங்கள் கட்டிய இலையை எடுத்தே எங்கள் வாயை அடைத்துவிட்டார் அந்த மனுஷன். பாவம், பாத்துக்கோ அண்ணாத்தே, ஒடம்பு தேறட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எதிர் வராந்தாவில் நின்ற ஒருவர், காய்ச்சலில் முடி கொட்டியிருக்கும் என்றார். இன்னொருவர், பெற்றவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்.

கதவுக்குப் பின்னால் அக்கா அழவில்லை. "ஏன்ப்பா அப்படிச் சொல்றாரு" என்று கேட்டாள். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் சொன்னார் என்று எனக்கு இப்போது தெரியும். வயதுவந்த பெண்ணின் முடியை ஆம்பளை கை வைத்து வெட்டினான் என்றால் கிளப் கொட்டகையைப் பூட்டியிருப்பார்கள். கோச் பதவி போயிருக்கும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும். அது அவருக்குப் பெரிதாகப் பட்டது. கூட வந்த ஆண்பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை வேண்டும். அவர்களும் வாய் திறக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் நம் குரூப்பிலேயே இருக்கிறார்கள். தினமும் காலை வணக்கம் போடுகிறார்கள்.

எங்கள் அப்பா அம்மாவையும் நான் விடமாட்டேன். அன்றைக்கே இலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஆமாம், பொய்தான் சொன்னோம், என் மகள் ஜெயித்துவிட்டு வந்தாள், இதோ பதக்கம் என்று காட்டியிருக்கலாம். பயந்தார்கள். பொய்யை ஒழுங்காக முடிக்கத்தான் பார்த்தார்கள். மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, இல்லாத அம்மைக்கு. பிறகு திருவேற்காடு அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போய், கத்தரிக்கோல் விட்டுவைத்ததை மழித்துச் சந்தனம் பூசினார்கள். அம்மனுக்கு வேண்டிக்கொண்ட முடி என்று வழியெல்லாம் சொன்னார்கள். நீங்களும் விபூதி குங்குமம் வாங்கிக்கொண்டீர்கள்.

அந்தக் கோவில் உண்டியலில்தான் அப்பா பதக்கத்தைப் போட்டார். வீட்டில் இருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்றார். வட்டு உள்ளே போய்விட்டது. நாடா வெளியே தொங்கியது. அதை விரலால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார். மொட்டைத் தலையோடு அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

தேசியப் போட்டிக்கு அக்கா இடத்தில் யார் போனார்கள் என்று தெரியாது. தபாலில் வரும் என்ற சான்றிதழும் வீட்டுக்கு வரவே இல்லை. மாஸ்டருக்குக் கோச் பதவி வந்தது. கொட்டகைக்கு சிமெண்ட் கூரை வந்தது. எங்கள் காலத்தில் அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸிலிருந்து எந்தப் பெண்ணும் அங்கே போகவில்லை. எந்த வீட்டிலும் விடவில்லை. எத்தனையோ வருடம் கழித்து வெளியிலிருந்து வந்த பெண்களை வைத்துத்தான் அவர் 'தந்தை' ஆனார். அம்மா சாகும்வரைக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் கூழ் ஊற்றினாள். வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும், அன்றைக்கு அம்மன் பேரில் பொய் சொன்னோமே என்பாள். முடி தோளுக்கு வளர்ந்ததும் அக்காவுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். சிலிண்டர் தூக்கக்கூட அதற்குப் பிறகு அவள் குனிந்து நான் பார்க்கவில்லை.

இப்போது அக்கா ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் மகள் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. போன வருடம் நான் போயிருந்தபோது போனில் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. உலகப் படத்தில் தேடினாலும் கிடைக்காத ஒரு குட்டித் தீவு நாடு. அந்த நாட்டு மொத்த ஜனத்தையும் கொண்டுவந்தால் ஆவடியை நிரப்ப முடியாது. அங்கிருந்து ஒரு பெண் தூக்க வந்தாள். காதை ஒட்டிக் கத்தரித்த முடி. கடைசி இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தாள். ஆனால் அவள் எந்த வயதில் ஆரம்பித்தாள், எந்தக் கொட்டகையில் பழகினாள், எத்தனை நாடு போய் வந்தாள், பிள்ளை பெற்ற பிறகு எப்படித் திரும்பி வந்தாள் என்று வர்ணனையாளர் சொல்லிக்கொண்டே போனார். ஊருக்குத் திரும்பினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடற்கரை வரைக்கும் வரிசையாக நிற்பார்களாம். அவள் முடியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இடது கை பூட்டல. அதான் செவப்பு வெளக்கு" என்றாள்.

அவள் மகள் அடுப்படியிலிருந்து, "உனக்கு எப்டிம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

"டிவில பாக்கறதுதான்" என்றாள் அக்கா.

பெற்ற மகளுக்குத் தெரியாது. தன் அம்மா சின்ன வயதில் அம்மை வந்து மொட்டை போட்டவள் என்றுதான் தெரியும். வெளியே வந்து அக்காவைத் திட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேட்டேன். பயமில்லை என்றாள். "நான் போகவே இல்லன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கு. நீ கூட வந்தியா, இல்ல நானா நெனச்சுக்கறேனான்னு."

இதுதான் மாஸ்டர் செய்தது. முடி போனது பெரிதில்லை, அது வளர்ந்துவிட்டது. வேலை போனதும் போகட்டும். தலைக்கு மேல் அவள் நிறுத்திய அந்த ஒரு கணத்தை அவள் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார்.

அழைப்பிதழைக் காட்டியபோது விழாவுக்கு வரமாட்டேன் என்றாள். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, என் பெயரைப் போடாதே என்றாள்.

அவருக்கு வயதாகிவிட்டது, பழசை எதற்குக் கிளறுகிறாய் என்று உங்களில் சிலர் இன்றைக்கே எனக்குப் போன் செய்வீர்கள். செய்யாதீர்கள். அக்காவுக்கும் வயதாகிவிட்டது. மாஸ்டரும் எனக்குத் தனியாகப் போன் செய்து வருத்தம் சொல்ல வேண்டாம். அவர் பொய்யைத் தனியாகச் சொல்லவில்லை, அத்தனை பேர் காதில் விழச் சொன்னார். எனக்கு அவர் மன்னிப்பு வேண்டாம். பொன்னாடையை வேண்டுமானால் போர்த்திக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் மைக்கை அவர் கையில் கொடுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள் மாஸ்டர். அக்கா சேலத்துக்கு வந்தாளா, வரவில்லையா?